வெள்ளை விமானமும் தகர விமானமும்

“இரண்டில ஒண்டைச் சொல்லு, பிள்ளை. ஓமந்தை பூட்ட முன்னம் நான் வவுனியாவுக்குப் போய்க் கனடாவுக்கு ரெலிபோன் கோல் எடுக்கவேணும்” என்ற சிற்றம்பலம் கதிரையின் நுனிக்கே வந்துவிட்டார்.

போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணப் பாதை திறந்து ஒரு வருடமாகியும், ஓமந்தைச் சோதனைச்சாவடி பின்னேரத்தோடு பூட்டப்பட்டுவிடும். கனகராயன்குளத்தில் வெளிநாட்டுக் காரியங்களைப் பேசி முடித்துக் கொடுப்பவர் சிற்றம்பலம்தான். மேசையில் அவர் பரப்பியிருந்த படங்களில் இரண்டு சிறிய விமானங்கள். ஒன்று வெள்ளை வெளேரென்று, வழுவழுப்பாக, சின்ன இறக்கைகளோடு இருந்தது. மற்றது பூச்சுக்கூட இல்லாத அலுமினியத் தகடு. உடம்பெல்லாம் வரிவரியாக ஆணி. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரே கொட்டகையில் இரண்டு நண்பர்கள், பெட்டிகளில் வந்த பாகங்களைத் தங்கள் கையாலேயே பொருத்திக் கட்டியவை.

பிரியந்தினியின் கனடாப் பயணம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அங்கே போனால், மொன்றியலில் இருக்கும் அக்காவிடம் வார இறுதியில் பறந்தே போய்வரலாம். எந்த விமானத்தில் என்பதுதான் பாக்கி. ‘ஒழுங்கான காரணம் சொல்லாட்டி நான் சொல்லுறதுதான் முடிவு’ என்று அப்பா மயில்வாகனம் காலையிலேயே அறிவித்துவிட்டார்.

“வெள்ளைதான். இதில என்ன கதை?” என்றார் அவர் இப்போதும். “மணிக்கு முந்நூற்றைம்பது கிலோமீற்றர் போகுமாம். மற்றது இருநூற்றெழுபது. அதுவும் எங்கட மாட்டுக்கொட்டில் கூரை மாதிரி ஒரு தகரம்.”

“இருபது வருசமாப் பிளேன் சத்தம் கேட்டாப் பங்கருக்குள்ள ஓடின சனம் நாங்கள்” என்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா இரஞ்சிதம் குரல் கொடுத்தாள். “இவள் அதுக்குள்ள ஏறப்போறாளாம். அதுவும் வீட்டில கட்டினதில!”

பிரியந்தினி பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிப்பவள். யாராவது ‘ஏன்’ என்று கேட்டுவிட்டால் அவளுக்குப் பசியும் மறந்துபோகும்.

“அம்மா, அந்த அரிசி புடைக்கிற சுளகைத் தாங்கோ. அப்பா, முற்றத்துக்கு வாங்கோ.”

வெளியே கச்சான் காற்று உரத்து வீசிக்கொண்டிருந்தது. அப்பாவின் ஒரு கையில் சுளகையும் மறு கையில் பால்மா ரின்னின் மூடியையும் கொடுத்தாள். “ரெண்டையும் காத்துக்கு எதிரா, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ.”

சுளகு கையையும் இழுத்துக்கொண்டு மேலே கிளம்பியது. மூடி சும்மா இருந்தது.

“ஒரே காத்துத்தானே? ஏன் மூடி எழும்பேல்லை?”

“அது சின்னன்.”

“அதுதான் உங்கட வெள்ளை. சின்ன இறக்கை காத்தைக் கிழிச்சுக்கொண்டு கெதியாப் போகும். ஆனா வேகம் குறைஞ்சா அதால பாரத்தைத் தாங்க ஏலாது. அதால இறங்கேக்கயும் வேகமாத்தான் இறங்கவேணும், நீளமான தார்ப்பாதை வேணும். பெரிய இறக்கை எண்டா மெதுவா வந்து புல்லுத்தரையிலயும் இறங்கும். வழியில எஞ்சின் நிண்டா எது நல்லது?”

“எஞ்சின் ஏன் நிக்குது?”

“உங்கட உழவு மெசின் ஏன் நிக்கிறது?”

குசினிக்குள் இரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தாள்.

மயில்வாகனம் விடவில்லை. “சரி, வேகத்துக்கு என்ன சொல்லுறாய்?”

“மொன்றியல் ஐந்நூறு கிலோமீற்றர். வெள்ளை ஒண்டரை மணித்தியாலத்தில போகும், தகரம் ரெண்டுக்குள்ள போகும். அந்த மிச்ச நேரத்தில ஓமந்தையில ஒரு பையைக்கூடத் திறந்து காட்டி முடியாது, அப்பா.”

“எண்டாலும் வெள்ளைதான் வடிவு. ஊருக்குச் சொல்ல ஒரு எடுப்பு வேணுமெல்லே?”

பிரியந்தினி திண்ணைக் கதிரையில் இருந்த சிற்றம்பலத்தின் பக்கம் திரும்பினாள். “அங்கிள், நான் கேக்கச் சொன்னதைக் கேட்டீங்களே?”

“கேட்டனான். பக்கத்துச் சீற்றில இருக்கிற ஆளுக்கு என்ன வேலை எண்டுதானே? வெள்ளையைக் கட்டினவர், ஒரு வேலையும் இல்லையாம், வெளியில பாத்துக்கொண்டு வரலாமாம் எண்டார். ஓட்டுற தடி தன்ர பக்கம் மட்டும்தானாம். மற்றப் பக்கத் தடியைக் கழட்டிப்போட்டுத் தோல் மெத்தை போட்டிருக்கிறாராம்.”

“மற்றவர்?”

“அவர் சிரிச்சார். ரெண்டு பக்கமும் தடி இருக்காம். தனக்கு ஏதும் நடந்தா மற்ற ஆள்தான் இறக்கவேணுமாம். தான் பிழை விட்டா, ‘பிழை’ எண்டு சொல்லவும் ஆள் வேணுமாம். ஓட்டப் பழகச் சம்மதமோ எண்டு உன்னட்டைக் கேக்கச் சொன்னார்.”

பிரியந்தினியின் முகம் மலர்ந்துவிட்டது. “இனி என்ன காரணம் வேணும், அப்பா?”

“நீ ஓட்டப்போறியே?”

“வேற?”

மயில்வாகனம் மகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு முற்றம் அதிரச் சிரித்தார்.

“தகரம்தான்! இரஞ்சிதம், கேட்டியே? என்ர பிள்ளை பிளேன் ஓட்டப்போறாள்! அண்ணை, தகரமெண்டே சொல்லுங்கோ!”

சிற்றம்பலம் எழுந்து, பைக்குள்ளிருந்து இரண்டு சாதகங்களை எடுத்தார். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, மற்றதை இரஞ்சிதத்திடம் நீட்டினார்.

“பிடியுங்கோ, தங்கச்சி. முப்பது வருசமாக் கலியாணம் பேசுறன். மாப்பிள்ளையளின்ர படம் வேண்டாம், அவை கட்டின பிளேனின்ர படத்தைக் கொண்டு வாங்கோ எண்டு கேட்ட பொம்பிளையை இப்பதான் பாக்கிறன்!”