தூக்கில் எடுத்து வைத்த கஞ்சி

அரிசி ஆலை வாசலில், போராட்டப் பந்தலுக்குப் பின்னால், மணிமொழி அண்டாவில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். மூட்டை தூக்கும் ஆண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அடுப்பு அவர்கள் வீட்டுப் பெண்கள் கையில்தான். மைக்கில் முழங்குகிறவர்களுக்கு விறகு எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. ஊரை ஒட்டிய ராஜகிரிப் பாறையில் சூடேறி வரும் காற்று புகையை அவள் முகத்திலேயே அப்புகிறது. தோள் வலிக்கிறது என்று சொல்லவும் அலுப்பாக இருக்கிறது. காலையிலிருந்து கண்ணில் படாத கணவன் இளவழகனுக்காக ஒரு தூக்குவாளியில் கஞ்சி எடுத்து, மூடி, நிழலில் வைத்திருக்கிறாள். ஆலைக் கதவு கிறீச்சிட்டுத் திறக்கிறது. போலீஸ் காவலோடு லாரி வெளியே வருகிறது. மூட்டைகளின் மேல், அவற்றை ஏற்றிய நாலைந்து ஆட்கள், முகத்தைத் துண்டால் மறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் இருப்பவனின் சட்டைத் தோளில், அவள் தன் பச்சைப் புடவையைக் கிழித்துத் தைத்த ஒட்டு. பந்தலில் கூச்சல் எழுகிறது. பக்கத்தில் வெங்காயம் உரிக்கும் மீனம்பாளும் அந்த ஒட்டைப் பார்த்துவிட்டாள். “கஞ்சி அடிபுடிக்குது பாரு, தொழாவுடி” என்கிறாள். புழுதி அடங்குகிறது. மணிமொழி போய்த் தூக்கை எடுத்து வருகிறாள். மூடியைத் திறந்து, கஞ்சியை அண்டாவிலேயே கவிழ்க்கிறாள். “இன்னும் யாரு சாப்புடல? தட்ட நீட்டுங்க” என்கிறாள், தலை நிமிராமல்.