மோந்து மோந்து வைத்தவள்

கொத்தமல்லிக் கட்டுக்குள் முகத்தையே புதைத்தாள் அந்தப் பெண். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை மூச்சை இழுத்தாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அதைத் திரும்பவும் கூடையிலேயே போட்டுவிட்டு நகர்ந்தாள்.

அந்தக் கட்டை எடுக்கத்தான் கஸ்தூரி கை நீட்டியிருந்தாள். இலையில் ஒட்டியிருந்த ஈரம் தெளித்த தண்ணீரா, அவள் மூக்கிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. நீட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கஸ்தூரிக்குப் பண்டசோழநல்லூர். ஆறு காணி கரும்பு, மாடி வீடு. நெட்டப்பாக்கம் போகிற வழியில் இந்த சூப்பர் மார்க்கெட் திறந்ததிலிருந்து அவள் மளிகைக் கடைப் பக்கமே போவதில்லை. ஊரே கைவிட்டு அளைந்த மூட்டையிலிருந்து பருப்பு வாங்கிச் சமைக்க அவளுக்குக் குமட்டும். இங்கே எல்லாம் பாக்கெட்டில், யார் கையும் படாமல் இருக்கிறது என்று நம்பித்தான் வந்துகொண்டிருந்தாள்.

நாளைக்குக் கடலூரிலிருந்து நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வருகிறது. வாங்க வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் கஸ்தூரியின் கண் அந்தப் பெண்ணை விட்டு அகலவில்லை.

வெளுத்த நைட்டி, மேலே ஒரு துண்டு, கழுத்துக் கயிற்றில் சின்னச் சிலுவை. அதைப் பார்த்ததுமே எந்த ஊர், எந்தத் தெரு என்று கஸ்தூரியின் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண் சோப்பு உறையின் முனையை நகத்தால் கிழித்து மோந்தாள். காப்பித்தூள் பாக்கெட்டை மூக்கோடு அழுத்தினாள். பளபளப்பான காகிதத்தில் மூச்சு வெள்ளையாகப் படிந்தது. பெருங்காய டப்பாவைத் திறந்து, கிட்டத்தட்ட மூக்கை உள்ளேயே விட்டாள். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்தாள். அவள் கூடையில் ஒரு உப்பு பாக்கெட் மட்டும் கிடந்தது.

மூலையில் நெத்திலிக் கருவாடு தட்டில் கொட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்கள். அவளோ அரிசி மூட்டை முன்னால் நிற்பவள் போலச் சாதாரணமாக நின்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒன்றை எடுத்து மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, தட்டில் போட்டாள்.

இந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள் போலிருக்கிறது என்று கஸ்தூரி நினைத்தாள். நேராக பில் போடும் இடத்துக்குப் போய் மேனேஜர் உலகநாதனைக் கூப்பிட்டாள்.

"நாய் மாதிரி ஒண்ணொண்ணா மோந்து மோந்து வைக்கிறா. அதெல்லாம் யாரு வூட்டுக்குப் போவும்?"

உலகநாதன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கஸ்தூரி விடவில்லை. அந்தப் பெண்ணை இப்போதே வெளியே அனுப்பாவிட்டால் இனிமேல் இந்தக் கடை வாசலை மிதிக்கப் போவதில்லை என்றாள். தன் தெருவிலும் யாரையும் வர விடமாட்டேன் என்றாள். அவர் எழுந்து வந்தார்.

அந்தப் பெண் கடைசி வரிசையில், உருளைக்கிழங்குப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் அடியில் கிழங்குகள் அழுகிக் கூழாகி, கறுப்புத் தண்ணீர் தரையில் கசிந்துகொண்டிருந்தது. செத்த எலியை வாரக்கணக்கில் மூடி வைத்துத் திறந்த மாதிரி ஒரு நாற்றம். உலகநாதன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கஸ்தூரி முந்தானையை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் நசுங்கிய கிழங்கு ஒன்று இருந்தது. அதன் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனாள். சட்டென்று அவள் உடம்பு உதறியது. ஓங்கரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அதையே திரும்பவும் மூக்கில் வைத்தாள்.

உலகநாதன் அந்தப் பெண்ணிடம் பேரும் ஊரும் கேட்டார். தலை நிமிராமல் சகாயராணி, மடுகரை என்றாள். கிழங்கைப் போட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார். இப்படிச் செய்ய வெட்கமாக இல்லையா என்று கேட்டார். இனிமேல் கடைக்குள் வரக்கூடாது என்றார். எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கஸ்தூரிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாத்தம் கொடலப் பொரட்டுது. ஒனக்கு இன்னா, மூக்கே இல்லியா?"

சகாயராணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"வண்டியிலேர்ந்து உழுந்து தலையில அடிபட்டு மூணு வருஷம் ஆவுதுக்கா. அன்னையிலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. அடுப்புல சோறு தீஞ்சாக்கூடப் பக்கத்து வூட்டுல வந்து சொன்னாத்தான் உண்டு."

கிழங்கை இன்னொரு முறை மோந்தாள். மறுபடியும் ஓங்கரித்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கஸ்தூரியின் கை தானாகக் கீழே இறங்கியது.

"இப்ப நாறுதுக்கா."