ஒரே ஒரு யூசர்

நூறு கம்ப்யூட்டர் இருந்தாலும் அத்தனையின் செட்டிங்குகளையும் ஒரே இடத்திலிருந்து கட்டி மேய்க்கும் சர்வர் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் இணையத்தில் போட்டு மூன்று வருடமாகிறது. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை, ஒரே ஒரு யூசரைத் தவிர.

அந்தப் புண்ணியவானின் கம்ப்யூட்டர் மட்டும் அரை மணிக்கொரு தரம் அவனுடைய சர்வரில் ஆஜராகிவிடும். ஆள் யாரென்று தெரியாது. பெயர், ஊர் எதையும் கேட்காதபடி மென்பொருளை எழுதியவனே அவன்தான். ஒருமுறை அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியதால், மச்சினி கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து சர்வரிலிருந்தே சரிசெய்தான்.

ஞாயிறு காலை யூசர் எண்ணிக்கை பூஜ்யமானது.

"போயிட்டார்" என்றான் மனைவியிடம். "நான் என்ன குறை வச்சேன்?"

"வேற யாராவது வருவாங்க, விடுங்க. ஸ்டோர் ரூம்ல பெட்டிங்களுக்குப் பின்னாடி உங்க பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சு. கரண்ட் தண்டம்னு காலையில பிளக்கைப் புடுங்கிட்டேன்."

சோதனைக்காக மூன்று வருடம் முன்பு அவனே வைத்து, அவனே மறந்துபோன கம்ப்யூட்டர்.

எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனான். திரும்பி வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டார்" என்றான் நிம்மதியாக.