ஹெல்மெட் பெல்ட்

“ஹெல்மெட் இருக்கு. பெல்ட் எங்கே?”

மரிய ஆல்பர்ட் விழித்தான். காலையில் ஒப்படைத்தபோது பெல்ட் அதில்தான் தொங்கியது.

“இருந்துச்சுங்க மேடம்.”

“இல்லையே. பெல்ட் வராம கையெழுத்துப் போட முடியாது. அதுவரைக்கும் கார்டு அடிச்சுட்டு வேலைக்குப் போங்க.”

எச்.ஆர். ஹேமலதா தலை நிமிரவேயில்லை.

சிமெண்ட் சாக்கு தைக்கும் கம்பெனி அது. ஆள் குறைப்புப் பட்டியலில் ஆல்பர்ட் பெயரும் இருந்தது. ஹேமலதா கையெழுத்துப் போட்டால்தான் செட்டில்மெண்ட். சேர்ந்து இரண்டு வருஷமே ஆன பிரேமுக்கு ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

“ஆண்டிமடத்துல ஒரு லோடு ஆட்டோ பேசி வெச்சிருக்கேன் மேடம். பணம் லேட்டானா வேற ஆளுக்குப் போயிடும்.”

“எப்ப வரைக்கும் டைம்?”

“முப்பதாம் தேதி.”

“அப்ப என்ன அவசரம்?”

அரியலூர் கடைத்தெருவில் அலைந்து புது பெல்ட் வாங்கினான். “ஃபாரத்துல ஒட்டின போட்டோவுல காது தெரியல” என்றாள். காது தெரிய எடுத்து வந்தான். “லாக்கருக்கு ரெண்டு சாவியாச்சே?” என்றாள்.

பிரேம் போனில் சிரித்தான். “அந்தம்மாவுக்கு எதாச்சும் தள்ளுண்ணே. அப்பத்தான் பேனா எழுதும்.”

அரைக் கிலோ முந்திரியோடு போனான்.

“எடுத்துட்டுப் போங்க முதல்ல!”

வீட்டில் மனைவி ஆரோக்கிய செல்வி வேறு. “அடுத்து பல்லு முப்பத்திரண்டும் இருக்கான்னு எண்ணப்போறாங்க. நல்லா விளக்கிட்டுப் போங்க.”

பன்னிரண்டாம் நாள் ஹேமலதாவே கூப்பிட்டாள். பல்லையும் எண்ணவில்லை, சாவியையும் கேட்கவில்லை. மளமளவென்று கையெழுத்துப் போட்டு, செக்கை நீட்டினாள்.

ஆல்பர்ட் இரண்டு முறை பார்த்தான். “தொகை தப்பா இருக்குங்க மேடம். ரொம்ப அதிகமா இருக்கு.”

“கிராஜுட்டி சேர்ந்திருக்கு. நேத்தோட நீங்க சேர்ந்து அஞ்சு வருஷம் முடிஞ்சுது. ஒரு நாள் குறைஞ்சாலும் கம்பெனி தராது. இதுக்கு வருமான வரியும் கிடையாது. போய் ஆட்டோவை எடுங்க.”



ஹேமலதா மேசை இழுப்பறையைத் திறந்து, எதையோ எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் பேர் எழுதிய பழைய ஹெல்மெட் பெல்ட்.

“லோடு கட்ட ஆகும், வெச்சுக்குங்க.”