விட்டுக்கொடுத்த காற்று

தெருவிளக்கு மாற்ற ஆளைத் தொட்டியில் வைத்து மேலே தூக்குகிற தொட்டிவண்டியில், தொட்டியைத் தூக்கும் எண்ணெய் ஓடுகிற பழைய குழாய் வெடித்துப்போனதால், புதுக்குழாய் ஒன்றை மாட்டினார்கள். எண்ணெயோடு காற்றும் உள்ளே நுழைந்துகொண்டது. எண்ணெய் குழாயை முட்டித் தள்ளியது. காற்றோ குழாயிடம், "உங்களுக்கு நோகாம நான் சுருங்கிக்கிறேன் அக்கா" என்றது. குழாய்க்குக் காற்றைத்தான் பிடித்துப்போனது.

விளக்கு மாற்றும் சூசைராஜ் தொட்டியில் ஏறினார். ஆளுயரம் போனதும் தொட்டி குலுங்கியது. அவர் விளிம்பைக் கட்டிக்கொண்டார்.

"ஆளைக் கொல்லப் பார்க்கிறியே! நான் தள்ளுறதெல்லாம் தொட்டிக்குப் போய்ச் சேராம உன்கிட்டயே நின்னுபோகுது" என்று எண்ணெய் காற்றிடம் கத்தியது.

"நான் யாரை என்ன பண்ணினேன்? விட்டுத்தானே கொடுத்தேன்" என்றது காற்று.

தொட்டியை இறக்கி, குழாயின் நட்டைத் தளர்த்தினார்கள். காற்று குழாயின் வளைவுக்குள் ஒண்டிக்கொண்டு, "காட்டிக்கொடுத்திடாதீங்க அக்கா" என்றது. குழாய் வளைவில்லாமல் நிமிர்ந்துகொண்டது. புஸ்ஸென்று காற்று வெளியேறியது.

மறுபடி எண்ணெய் தள்ளியபோது குழாய்க்கு உடம்பெல்லாம் வலித்தது. மேலே சூசைராஜ் இரண்டு கையாலும் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.