அப்பாவின் சட்டை

அவள் சட்டையை உதறிய உதறலில் தம்பி கோகுலின் முகமெல்லாம் தண்ணீர்.

"அப்பா எழுப்பி உட்டுட்டாருக்கா" என்றான், பாதித் தூக்கத்தில். தங்கச்சி சின்னவள் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே சட்டையைக் கொடியில் போட்டாள். தெருவுக்கு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து.

அப்பா போன வருஷம் லாரி மோதிச் செத்துப்போனார். அம்மா அதற்கும் முந்தியே.

சட்டை மட்டும் தினமும் குளிக்கிறது.

திருப்பூரின் இந்த லைன் வீடுகளில் யாருக்கும் அப்பா இல்லாதது தெரியாது. மாமா வந்து அட்வான்ஸ் கொடுத்தார். "இவங்கப்பா பின்னால வர்றாருங்க" என்று ஒரு பொய்யை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினார். மகராசன், அதோடு சரி.

மிச்சப் பொய்யை அவள்தான் வளர்க்கிறாள். பத்தாம் வகுப்பும் படித்துக்கொண்டு, ராத்திரி கூலிக்குப் பனியனில் பிசிர்நூலும் வெட்டிக்கொண்டு.

யார் கதவைத் தட்டினாலும் அப்பா குளிக்கிறார். இல்லையென்றால் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார். உள்ளேயிருந்து கோகுல் கனத்த குரலில் இருமுவான். அதற்கு ஒத்திகை வேறு. ஒருநாள் ஒத்திகையிலேயே புரையேறி, தலையில் தட்டவேண்டியதாயிற்று.

வெளியே தெரிந்தால் ஆபீசர்கள் வருவார்கள். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். தம்பியை ஒரு விடுதிக்கும் சின்னவளை இன்னொரு ஊருக்கும் நல்லபடியாக அனுப்பி வைப்பார்கள்.

அவ்வப்போது அது நினைவுக்கு வரும். உடனே சோப்பை எடுத்துவிடுவாள்.

இன்று கொடிக்குப் பக்கத்தில் வீட்டுக்கார அம்மா தங்கமணி வந்து நின்றார்.

கை இடுப்பில். கண் கொடியில்.

பாவாடை. யூனிபார்ம். குட்டி கவுன். கடைசியில் அப்பாவின் சட்டை.

யாரும் கேட்காமலேயே கோகுல் உள்ளே ஓடிப்போய் இருமினான்.

"அப்பா குளிக்கறாருங்கக்கா" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தங்கமணி ஈரச் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கில்லை. அக்கம்பக்கம் ஒரு பார்வை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏங்கண்ணு, மாசக்கணக்கா சட்டை மட்டும் காயுது. ஒங்கப்பன் லுங்கியே கட்டறதில்லையா? நாலு பேரு கேக்க மாட்டாங்க?"

அவ்வளவுதான். செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே கோகுல் இன்னும் இருமிக்கொண்டிருந்தான்.

"போதும்டா, நிறுத்து" என்றாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை வாசற்படியில் ஒரு கட்டம்போட்ட லுங்கி. பழையது. துவைத்து, மொடமொடவென்று மடித்து வைத்திருந்தது.

அவள் அதை வாளியில் முக்கி நனைத்தாள்.