இது கூடத் தெரியாதா?

"ஏம்மா, நீ நிஜமாவே இன்ஜினியரிங் படிச்சவதானா?"

குடிநீர் அலுவலக இன்ஜினியர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எழுந்து நின்றவள் அதே அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மக்கள் தொடர்பு அதிகாரி. அவரைப் போலவே இன்ஜினியரிங் பட்டம் வாங்கிவிட்டு, இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல் மனிதர்களோடு பேசுகிற வேலைக்கு வந்தவள். மேடையில் நாற்காலி போட்டிருந்தும், கடைசி வரிசையில் கைக்குழந்தைக்காரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியரின் மனைவியும் குழந்தையோடு அங்கேதான் இருந்தாள்.

புதுக் குழாய் இணைப்பைப் பற்றி ஊர்மக்களுக்கு விளக்கும் கூட்டம். "நாளையிலிருந்து லைனை ஃப்ளஷ் பண்ணுவோம்" என்று அவர் சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போவதற்குள், "அப்படின்னா என்ன சார்?" என்று எழுந்துவிட்டாள்.

"இது கூடத் தெரியாதா? புதுக் குழாய்க்குள்ள கிடக்கிற மண்ணு, தூசியெல்லாம் தண்ணியை வேகமா விட்டு வெளியேத்துறது. ரெண்டு மூணு நாளைக்குத் தண்ணி கலங்கலாத்தான் வரும். போதுமா?"

"அப்போ கைக்குழந்தைக்குப் பால் கரைக்க என்ன பண்றது சார்?"

"இன்னிக்கே பிடிச்சு வச்சுக்கணும். கல்யாணமே ஆகல, உனக்கு எதுக்கும்மா பால் கவலை?"

மறுபடியும் சிரிப்பு. அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "நன்றி சார்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று மேலாளர் அன்று மாலை போனில் கேட்பதாக இருந்தது. 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்வதாக முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

நுழைந்தவர் அப்படியே நின்றார். குடம், குக்கர், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி வரைக்கும் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"என்னடி, ஏரியை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டே?"

"நாளைக்குக் கலங்கலா வரும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"பார், உனக்கு இருக்கிற விவரம் அந்தப் படிச்ச மேதைக்கு இல்ல. ஃப்ளஷ்னா என்னன்னு என்கிட்டயே கேக்குறா!"

மனைவி பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"எனக்கு எங்கேங்க விவரம்? எங்க வரிசையில ஒருத்திக்கும் புரியல. நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட மெல்லக் கேட்டேன். காதோட சொல்லிட்டா. பால் விஷயமும் நான் கேட்டதுதான். 'நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமாக்கா'ன்னு எழுந்துட்டா."

இன்ஜினியரின் கையில் போன் அடித்தது. மேலாளர். அவர் எடுக்கவில்லை.

"நீ என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா, அந்த 'இது கூடத் தெரியாதா' ஊருக்கு முன்னாடி எனக்குத்தானே விழுந்திருக்கும்? எனக்குப் பதிலா அவ வாங்கிக்கிட்டா."

போன் விடாமல் அடித்தது. எடுத்தார்.

"என்ன சார், அந்தப் பொண்ணை நிரந்தரம் பண்ணிடலாமா? இன்ஜினியரிங் தெரியுதா அவளுக்கு?"

"உடனே பண்ணிடுங்க சார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவளுக்குத் தெரியுது. அதை என் வீட்டுக்காரிக்குப் புரிய வைக்கவும் தெரியுது. எனக்குத்தான் சார், இது கூடத் தெரியல!"